புயலை முன்னுரைத்த மாலுமி

வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றிவிட்டால், நாகப்பட்டினம், கடலூர், பாம்பன், தூத்துக்குடி முதலிய துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்னும் செய்தி நாடெங்கும் பரவுகின்றது. பகலில் கம்பத்தின் உச்சியில் தொங்கும் கூம்பும் உருளையுமாகிய வடிவங்களும், இரவில் ஒளிரும் சிவப்பும் வெண்மையுமாகிய விளக்குகளும் வாய் பேசாத தூதர்களாய் நின்று கடலோடிகளுக்கு அறிவுரை கூறுகின்றன. அவற்றைக் கண்ட மீனவர் வலையைச் சுருட்டிப் படகைக் கரையேற்றுகின்றனர். அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலைவனை இழக்காமல் தப்புகின்றன. இவ்வாறு கூம்பையும் உருளையையும் கம்பத்தில் ஏற்றிப் புயலின் வருகையைத் தெரிவிக்கும் முறையைப் பிரித்தானியக் கடற்கரையில் ஏற்படுத்தியவர் இராபர்ட் பிட்ஸ்ராய் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஆவார்.

கடலை நம்பி வாழ்ந்த மக்கள், எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் வானத்தைப் பார்த்தே பயணத்தைத் தொடங்கினர். முகிலின் நிறம், காற்றின் திசை, பறவைகளின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு மழையையும் புயலையும் ஒருவாறு உய்த்துணர்ந்தனர். அவ்வறிவு பயனுடையதே. ஆயினும் கண்ணுக்கு எட்டும் தொலைவிற்கு அப்பால் நிகழ்வதை அஃது அறிவிக்க மாட்டாது. தொலைவில் எழும் புயலை, அது வந்து சேர்வதற்கு முன்னரே அறிந்து மக்களைக் காக்கலாம் என்று பிட்ஸ்ராய் நம்பினார். அந்நம்பிக்கைக்காக அவர் தம் செல்வத்தையும், உடல் நலத்தையும், மன அமைதியையும் ஈடாகக் கொடுத்தார்.

இராபர்ட் பிட்ஸ்ராய் 1805ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் இங்கிலாந்தில் சப்போக்கு மாவட்டத்தில் பிறந்தார். அவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசின் வழியில் வந்தவர், உயர்குடிச் செல்வர். எனினும் இளமையிலேயே அன்னையை இழந்தார். பன்னிரண்டாம் வயதில் போர்ட்சுமத்து நகரிலிருந்த கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதமும் கலஞ்செலுத்தும் கலையும் அவருக்கு எளிதில் கைவந்தன. 1824ஆம் ஆண்டில் நடைபெற்ற தேர்வில், அதுவரை எவரும் பெற்றிராத வகையில் முழு மதிப்பெண்ணும் பெற்றுத் தேறினார். கடமையில் கண்டிப்பும், கல்வியில் ஆர்வமும், விரைந்தெழும் சினமும், அவ்வப்போது மனத்தைக் கவ்வும் சோர்வும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

தென் அமெரிக்கக் கரையை அளந்து வரைபடம் ஆக்குவதற்காக அனுப்பப்பட்டிருந்த பீகிள் என்னும் சிறு கலம், 1828ஆம் ஆண்டில் தன் தலைவரை இழந்தது. அவ்வாண்டின் இறுதியில் அக்கலத்தின் தலைமை பிட்ஸ்ராயிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23. அடுத்த திங்களிலேயே அவர் தம் வாழ்நாள் முழுதும் மறவாத பாடம் ஒன்றைக் கற்க நேர்ந்தது. 1829ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், பிளாட்டா ஆற்று முகத்தில் மால்டொனாடோ என்னும் இடத்திற்கு அருகே கலம் சென்றுகொண்டிருந்தது. கலத்திலிருந்த காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. இளந்தலைவர் அக்குறிப்பை உரிய அளவு மதிக்கவில்லை. சிறிது நேரத்திற்குள் அப்பகுதிக்கே உரிய கொடுஞ்சூறை சீறிவந்து கலத்தைத் தாக்கியது. பாய்மரங்கள் முறிந்தன, கலம் கவிழும் நிலையை எய்தி அரிதின் மீண்டது. பாய்மரத்தின் மேல் பணி செய்துகொண்டிருந்த மாலுமிகள் இருவர் கடலில் வீழ்ந்து மாண்டனர். கருவி முன்கூட்டியே கூறியும் தாம் கேளாதிருந்தமையாலன்றோ இக்கேடு நேர்ந்தது என்று பிட்ஸ்ராய் வருந்தினார். அன்று முதல் காற்றழுத்தமானி அவருக்கு உற்ற துணையாயிற்று.

அக்கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். காற்றுக்கும் எடை உண்டு. அவ்வெடை பூமியின் மீதுள்ள பொருள்கள் அனைத்தையும் அழுத்துகின்றது. ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் அதனைத் தலைகீழாக நிறுத்தினால், குழாயிலுள்ள பாதரசம் முழுதும் கீழே இறங்கிவிடுவதில்லை. கிண்ணத்தின் மேல் காற்று அழுத்துவதால், கடல் மட்டத்தில் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாதரசம் நிற்கின்றது. இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் வெளிப்படுத்தினார். புயலின் நடுவிடம் காற்றழுத்தம் குறைந்த இடமாகும். ஆதலின் புயல் நெருங்குந்தோறும் குழாயில் பாதரசம் இறங்குகின்றது. வானம் தெளிவாய்த் தோன்றும்போதே பாதரசம் விரைந்து இறங்குமாயின், அறிவுடைய மாலுமி பாயைச் சுருக்கிக்கொள்வான்.

1831ஆம் ஆண்டு திசம்பர் 27ஆம் நாள் பீகிள் இரண்டாம் முறையாகப் பிட்ஸ்ராயின் தலைமையில் புறப்பட்டது. கற்றறிந்த இளைஞர் ஒருவர் தம்முடன் வருதல் வேண்டும் என்று அவர் விரும்பியமையால், சார்லஸ் டார்வின் அப்பயணத்தில் இடம்பெற்றார். பிற்காலத்தில் உயிர்களின் தோற்றம் பற்றி டார்வின் வெளியிட்ட கொள்கைக்கு அப்பயணமே வித்தாயிற்று. தம் சமயப் பற்றினால் பிட்ஸ்ராய் பின்னர் அக்கொள்கையை வன்மையாக எதிர்த்தார் என்பதும், பழைய நண்பர் இருவரும் அதனால் மனம் வேறுபட்டனர் என்பதும் வரலாறு கூறும் உண்மைகள்.

அக்கலத்தில் காலத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரங்கள் 22 இருந்தன. அவற்றுள் சிலவற்றைப் பிட்ஸ்ராய் தம் சொந்தப் பொருளால் வாங்கியிருந்தார். கருவிகளைப் பேணுதற்கென ஒரு வல்லுநரையும் தம் செலவிலேயே அமர்த்தியிருந்தார். காற்றின் வேகத்தைப் பல படிகளாக வகுத்துக் குறிக்கும் பியூபோர்ட்டு முறை, அரசின் ஆணைப்படி முதன்முதலாகக் கையாளப்பட்டதும் அப்பயணத்தில்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1836ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கலம் தாயகம் திரும்பியது. அவர் அளந்து வரைந்த கடற்கரைப் படங்களுக்காக அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

பின்னர் அவர் பாராளுமன்ற உறுப்பினராகவும், 1843 முதல் 1845 வரை நியூசிலாந்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். அங்குக் குடியேறிய வெள்ளையர் மவோரி மக்களின் நிலத்தை விரும்பியவாறு கைக்கொள்ள முற்பட்டனர். இரு சாராரிடையேயும் நடுநிலை காக்க முயன்ற பிட்ஸ்ராய் எவர் மனத்தையும் நிறைவு செய்ய இயலாதவரானார். கருவூலமும் வறண்டது. அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிறர் வாழ்வின் முடிவு என்று கருதத்தக்க அந்நிலையே அவர்தம் அரும்பணிக்குத் தொடக்கமாயிற்று.

1853ஆம் ஆண்டில் பிரசல்சு நகரில் கூடிய மாநாடு ஒன்றில், கடலில் செல்லும் கலங்கள் காற்றையும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஒரே முறையில் அளந்து குறித்தல் வேண்டும் என்று பல நாட்டினரும் முடிவு செய்தனர். அதன் பயனாக 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வணிக வாரியத்தில் வானிலைத் துறை ஒன்று நிறுவப்பட்டது. பிட்ஸ்ராய் அதன் தலைவரானார். சில எழுத்தர்களே அவருக்குத் துணையாக இருந்தனர். கலத்தலைவர்களுக்குக் கருவிகளைக் கொடுத்தலும், அவர்கள் எழுதி வரும் குறிப்புகளைத் தொகுத்தலுமே அவருக்கு இடப்பட்ட பணிகள். வானிலையை முன்னறிந்து கூறுமாறு எவரும் அவரைக் கேட்கவில்லை. அவ்வாண்டிலேயே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், இலண்டனின் வானிலையை ஒருநாள் முன்னதாகவே அறியும் காலம் வரக்கூடும் என்று பேசியபொழுது, அவையிலிருந்தோர் நகைத்தனர். அக்காலத்தார் மனப்போக்கு அத்தகையதாக இருந்தது.

பிட்ஸ்ராயோ எண்களைத் தொகுப்பதோடு அமைதியடையவில்லை. அளவுகள் ஏடுகளில் உறங்குவதால் ஒரு மாலுமியின் உயிரேனும் காக்கப்படுமா என்று அவர் எண்ணினார். வறிய மீனவர் வாழும் துறைகளில் காற்றழுத்தமானிகளை நிறுத்தச் செய்தார். கருவிகள் கியூ ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பின்னரே வெளியே அனுப்பப்பட்டன. பாதரசம் ஏறினால் பொருள் என்ன, இறங்கினால் பொருள் என்ன என்பதை எளியோரும் உணரும்படி சிறு கையேடும் எழுதினார். அன்று நிறுத்தப்பட்ட கருவிகளுள் சில இன்றும் பிரித்தானியத் துறைமுகங்களில் காணப்படுகின்றன.

1859ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் நிகழ்ந்த பெருந்துயரம் அவர் உள்ளத்தை உலுக்கியது. ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து புறப்பட்ட இராயல் சார்ட்டர் என்னும் இரும்புக் கலம், இரண்டு திங்கள் கடலைக் கடந்து இலிவர்ப்பூலை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் உழைத்துப் பொருளீட்டிய பலர் அதில் வந்தனர். தங்கத்தை அரைக்கச்சையில் முடிந்துகொண்டு, தாயகத்தை மறுநாள் மிதிக்கலாம் என்று அவர்கள் களித்திருந்தனர். அக்டோபர் 25ஆம் நாள் இரவு எழுந்த கொடும்புயல் கலத்தை ஆங்கிலசித் தீவின் பாறைகளில் மோதியது. மறுநாட்காலையில் கலம் உடைந்தது. கரை கண்ணுக்கு எதிரே நின்றும் காப்பார் இல்லை. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவரேனும் பிழைத்திலர். அப்புயலில் அழிந்த கலங்கள் 133 என்றும், மாண்டோர் ஏறத்தாழ 800 பேர் என்றும் கணக்கிடப்பட்டது.

பிட்ஸ்ராய் பல இடங்களிலிருந்தும் அப்புயலைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, மணிக்கு மணி அது சென்ற வழியைப் படங்களாக வரைந்தார். அப்போது ஓர் உண்மை தெளிவாயிற்று. புயல் எல்லா இடத்தையும் ஒரே வேளையில் தாக்கவில்லை. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர்ந்து சென்றது. புயல் எத்துணை விரைந்து நகரினும், தந்திக் கம்பியில் ஓடும் மின்சாரம் அதனினும் பன்மடங்கு விரைந்து செல்லும். ஆகவே, புயலை முதலில் கண்ட ஊர், அது சென்று சேரவிருக்கும் ஊருக்குத் தந்தி அடித்தால் எச்சரிக்கை முந்திக்கொள்ளும் அல்லவா? இவ்வெண்ணமே அவருடைய திட்டத்திற்கு அடிப்படையாயிற்று.

கடற்கரையோரமாக ஏறத்தாழ 15 இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாள்தோறும் காலையில் அவ்விடங்களில் இருந்தோர் காற்றழுத்தத்தையும், வெப்பநிலையையும், காற்றின் திசையையும் வலிமையையும், வானத்தின் தோற்றத்தையும் குறித்து இலண்டனுக்குத் தந்தி அடித்தனர். தனித்து நின்றபொழுது ஒவ்வோர் அளவும் அவ்வூரின் நிலையை மட்டுமே கூறியது. ஒருங்கு வைத்து நோக்கியபொழுது அவையனைத்தும் நாட்டின் வானத்தையே ஓர் ஓவியமாகத் தீட்டிக் காட்டின. 1861ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் முதற் புயலெச்சரிக்கை விடுக்கப்பட்டது. எச்சரிக்கைத் தந்தி கிடைத்தவுடன் துறைமுகத்தில் கம்பத்தின் மீது அடையாளம் ஏற்றப்படும். முனை மேல்நோக்கிய கூம்பு வடதிசைப் புயலையும், முனை கீழ்நோக்கிய கூம்பு தென்திசைப் புயலையும் குறித்தன. உருளை, மாறி மாறி வீசும் கொடுங்காற்றுகளைக் குறித்தது. எழுத்தறியாத மீனவனும் ஏறிட்டு நோக்கிய அளவில் பொருளை உணர்ந்துகொண்டான்.

1861ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் முதல் நாள், மறுநாளைய வானிலை பற்றிய செய்தி பிட்ஸ்ராயின் துறையிலிருந்து பெறப்பட்டு இலண்டன் டைம்சு நாளிதழில் வெளிவந்தது. அக்காலத்தில் கோள்களின் நிலையைக் கொண்டு ஆண்டு முழுமைக்கும் மழையையும் வெயிலையும் கூறும் பஞ்சாங்கங்கள் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாயின. தம்முடைய கூற்று அத்தகைய குறி கூறுதல் அன்று. அளந்து கண்ட உண்மைகளிலிருந்து ஆராய்ந்து பெற்ற கருத்து என்பதை உணர்த்துவதற்காகவே, முன்னறிவிப்பு என்னும் பொருள்படும் தனிச்சொல்லை அவர் தேர்ந்து ஆண்டார். 1863ஆம் ஆண்டில் வானிலை பற்றிய தம் நூலையும் வெளியிட்டார்.

மக்கள் அம்முன்னறிவிப்பை ஆவலோடு வரவேற்றனர். ஆனால், அது பிழைபட்ட நாள்களில் நகைப்பும் எழுந்தது. பிழை நேர்ந்தது வியப்பன்று. பிரித்தானியப் புயல்களிற் பெரும்பாலன மேற்கிலிருந்து வருவன. மேற்கிலோ அட்லாண்டிக்குப் பெருங்கடல் பரந்து கிடந்தது. அங்கிருந்து தந்தி அடிப்பார் எவரும் இலர். நிலையங்கள் சிலவே, காற்றின் இயக்கத்தை விளக்கும் கணிதமும் அந்நாளில் வளரவில்லை. எச்சரிக்கையால் படகுகள் கரையில் நின்று வருவாய் குறைந்தபொழுது படகுரிமையாளர் சிலர் முணுமுணுத்தனர். போதிய ஆராய்ச்சியின்றி முடிவு கூறுவதாக அறிஞர் சிலர் குறை கூறினர். அவர்கள் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆயினும், அறிவு முழுமை பெறும்வரை காத்திருப்பின் அதற்குள் எத்தனை பேர் கடலில் மாள்வர் என்பதே பிட்ஸ்ராயின் உள்ளத்தில் எழுந்த வினா. பத்து முறை கூறியதில் சில முறை பிழைப்பினும், எஞ்சிய முறைகளில் காக்கப்படும் உயிர்கள் மெய்யானவை அல்லவா?

இடையறாத உழைப்பும், குறைந்துவந்த செவிப்புலனும், பொருள் நெருக்கடியும், பிறர் கூறிய பழியும் அவரை வாட்டின. பொதுப்பணிக்காக அவர் தம் செல்வம் முழுவதையும் செலவிட்டிருந்தார். இளமை முதல் தொடர்ந்து வந்த மனச்சோர்வு முற்றியது. 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், தம் 59ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். மனநோய்க்கு இந்நாளில் உள்ளது போன்ற மருத்துவம் அந்நாளில் இல்லை. இந்நாளில் அத்தகைய துன்பத்தை உற்றாரிடமும் மருத்துவரிடமும் உரைத்துத் தீர்வு பெறலாம். அதனை மறைத்து வருந்துதல் வேண்டுவதில்லை. பிட்ஸ்ராய் விட்டுச் சென்றது கடனே என்றறிந்த நண்பர்கள் பொருள் திரட்டி அவர் குடும்பத்திற்கு உதவினர். விக்டோரியா அரசியார் அவர்தம் மனைவியும் மகளும் தங்குவதற்கு இடம் அளித்தார்.

அவர் மறைந்தபின் அவருடைய துறையை ஆராய்ந்த குழு, அவருடைய முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று கூறியது. முன்னறிவிப்பும், 1866ஆம் ஆண்டின் இறுதியில் புயலெச்சரிக்கையும் நிறுத்தப்பட்டன. அப்போதுதான் அவற்றின் அருமை விளங்கியது. கூம்பு ஏறாத கம்பத்தைக் கண்ட கடலோடிகள் வாளா இருக்கவில்லை. எச்சரிக்கை மீண்டும் வேண்டும் என்று துறைமுகங்கள்தோறும் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே புயலெச்சரிக்கை மீண்டும் தொடங்கிற்று. நாளிதழ்களுக்கான முன்னறிவிப்பு 1879ஆம் ஆண்டில் உயிர் பெற்றது. நூலறிஞர் அளித்த தீர்ப்பை, அலையோடு போராடிய எளிய மக்கள் தம் பட்டறிவால் மாற்றி எழுதினர்.

பிட்ஸ்ராய் தொடங்கிய பணி இன்று உலகளாவி வளர்ந்துள்ளது. நீண்ட கண்ணாடிக் குழாய் இருந்த இடத்தில் விரல் நுனியில் அடங்கும் மின்னணு உணரி அமர்ந்துள்ளது. அதனுள் இருக்கும் மெல்லிய சிலிக்கன் தகடு காற்றின் அழுத்தத்தால் நுண்ணிதாக வளைகின்றது. வளைவிற்கு ஏற்ப மின்தடை மாறுகின்றது. அம்மாற்றம் எண்ணாகிக் காற்றழுத்தத்தைக் காட்டுகின்றது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அறியும் உணரிகளும் உள்ளன. மற்றொரு கருவி, தன்னுள் புகும் காற்றின் ஊடே ஒளிக்கதிரைச் செலுத்துகின்றது. காற்றிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்யும் அளவைக்கொண்டு, மூச்சுப் பைக்குள் புகுந்து தீங்கு விளைக்கும் தூசியின் அளவை அது கணக்கிடுகின்றது. முகிலைக் கண்டு மழையை ஊகித்ததைப் போல, புகையைக் கண்டு காற்றின் தூய்மையை ஊகிக்கும் நிலை இதனால் மாறியுள்ளது. பெருநகரங்களில் மட்டுமன்றிப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் இத்தகைய கருவிகளை நிறுத்திச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவுகளைப் பெற முடிகின்றது.

கருவிகள் மாறினும் பிட்ஸ்ராய் கண்ட நெறிகள் மாறவில்லை. கருவியை முதலில் நம்பத்தக்க கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். நேர்வெயிலும் சுவரின் வெப்பமும் படாத இடத்தில் வெப்பமானியை வைத்தல் வேண்டும். ஒருநாளும் தவறாமல், விரும்பியதை எழுதாமல், கண்டதையே குறித்தல் வேண்டும். ஓர் ஊரின் அளவை மற்ற ஊர்களின் அளவுகளோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அளந்தறிந்த செய்தி அதனால் பயன்பெறுவோரிடம் காலம் தாழாது சென்று சேர்தல் வேண்டும்.

தென் அமெரிக்காவின் பட்டகோனியப் பகுதியில் வான் முட்டி நிற்கும் மலை ஒன்று பிட்ஸ்ராயின் பெயரைத் தாங்கியுள்ளது. பிரித்தானியக் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு 2002ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதனால் புயலைப் பற்றிய செய்தியோடு அவருடைய பெயரும் கடலோடிகளின் செவியில் ஒலித்துவருகின்றது. தம் பிழையால் மாலுமிகள் இருவரை இழந்த இளைஞர், அப்பிழையை மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை. அதனையே படிப்பினையாகக் கொண்டு, முன்பின் அறியாத எண்ணற்ற மாலுமிகளைக் காக்கும் வழியைத் தேடினார். தவறு செய்தோர் அதற்குக் கழுவாய் தேடும் நெறி பிறர்க்குப் பயன்படும் உழைப்பே என்பதை இராபர்ட் பிட்ஸ்ராயின் வாழ்க்கை உலகிற்கு உணர்த்துகின்றது.